வாவிக்கரை ரியாக்டரும் ஒரு சீதன வீடும்

அந்த வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அதற்குக் கூரை இல்லை. சுவர்கள் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தன. முற்றத்தில் மணலும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில், வாவிக்கரையில், மாரி வெள்ளம் ஏறாத மேட்டுத் துண்டு அது ஒன்றுதான். வீட்டுக்காரர் அந்த வளவைத் தேடி வாங்கியது அதற்காக. வேலிக்கு இந்தப் பக்கம் ரியாக்டருக்கு நான் இடம் குறித்ததும் அதற்காகவே. இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்தோம். சத்தத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டியவன் நான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். கரையில் ஒரு படை முகாம் வந்தது. முகாமுக்காக டீசல் எஞ்சின் பூட்டிய மின் நிலையமும் வந்தது. மிஞ்சிய மின்சாரம் ஆஸ்பத்திரிக்கும் சில அரசாங்கக் கந்தோர்களுக்கும் போயிற்று. நான் பட்டணத்து மிஷன் பள்ளியில் படித்து, கொழும்பில் மின்சாரத் தொழில் கற்று ஊர் திரும்பியிருந்தேன். நிலையத்து மேற்பார்வையாளர் வேலை கிடைத்தபோது எனக்கு முப்பது வயதாகவில்லை. பொருத்து வேலைக்கான வரைபடம் வந்தது. ரியாக்டர் எங்கே நிற்க வேண்டும் என்ற இடம் மட்டும் அதில் வெறுமையாக இருந்தது. உள்ளூர் நிலம் தெரிந்தவன் குறிக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். நான் பென்சிலால் ஒரு சதுரம் போட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரியாக்டர் என்றதும் அணு ஞாபகம் வருகிறது. நான் சொல்வது அதையல்ல. இரும்புத் தகடுகளை அடுக்கி, சுற்றிவரச் செம்புக் கம்பி சுற்றி, எண்ணெய் நிரப்பிய தொட்டிக்குள் இறக்கி வைத்த ஒரு பொருள் அது. முகாமுக்குப் போகும் கம்பியில் கோளாறு வந்தால் மின்சாரம் ஒரேயடியாகப் பாய்ந்து நிலையத்தை எரித்துவிடாமல் இடையில் நின்று மட்டுப்படுத்தும். வேலை அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் அதனூடாகப் போகும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் இரும்பு நொடிக்கு நூறு தரம் இழுபட்டுத் தளரும். அந்த நடுக்கம் எண்ணெயிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து தரைக்கும் காற்றுக்கும் ஏறி, ஒரே சுருதியில் இடைவெளியில்லாத முனகலாக வெளிவரும். எஞ்சின் சத்தத்தில் ஏற்ற இறக்கம் உண்டு, காது பழகிக்கொள்ளும். இதற்கு மூச்சு விடுவதே இல்லை. பகலில் மெல்லக் கேட்கும். பொழுதுபட்டு முகாமில் விளக்குகள் எரியத் தொடங்கினால் ஓங்கும்.

வீட்டுக்காரர் புடவை வியாபாரி; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பது போல நானும் அவரைக் காக்கா என்பேன். துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தோணியேறி, வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரை ஊர்களுக்குப் போவார். வயல் வட்டைகளில் அறுவடை முடியும் காலத்தில் சேலையும் சாரமும் கொடுத்து நெல் வாங்கி வருவார். அவருக்கு ஒரே மகள். எங்கள் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். நானும் ஆரையம்பதியில் என் மனைவியின் வீட்டுக்குள் ஒரு றங்குப் பெட்டியோடு அப்படித்தான் நுழைந்தவன். ஆகவே அந்த மனிதர் அங்கே கட்டிக்கொண்டிருந்தது என்ன என்பதை யாரும் எனக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை.

ஓடு போட்டு முடிந்த சமயத்தில்தான் ரியாக்டரும் வேலை செய்யத் தொடங்கியது. சில நாள் கழித்து அவர் வேலியோரம் வந்து நின்றார். கையில் ஒரு பித்தளைச் செம்பு. அதில் தண்ணீர் இருந்தது. என்னைக் கூப்பிட்டு வீட்டுக்குள் அழைத்துப்போய், அறையின் தரையில் செம்பை வைத்தார். தண்ணீரின் முகத்தில் மெல்லிய வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"உங்கட வண்டு வேலியோட நிக்குதில்லயே தம்பி," என்றார். "வீட்டுக்குள்ளயும் வந்திட்டு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பெயர் பிறகு எங்கள் ஆட்கள் மத்தியிலும் நிலைத்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு அவர் காரியத்தைச் சொன்னார். ஏறாவூரில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறது. வேலை காத்தான்குடியில், பாண் ரொட்டி சுடும் போறணையில். விடியுமுன் மாவு பிசைய வேண்டும் என்பதால் அவர் பொழுதுபட்டதும் படுத்துவிடுகிறவர். மாப்பிள்ளையின் தாயும் மாமிமாரும் வீடு பார்க்க வருவார்கள். அதற்குள் இதை அடக்க முடியுமா?

பார்ப்போம் என்றேன். அப்போது எனக்கு அது முடியாத காரியமாகத் தோன்றவில்லை.

முதலில் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும் சட்டங்களின் போல்டுகளை இறுக்கினோம். கரகரப்புப் போயிற்று, முனகல் அப்படியே இருந்தது. பிறகு முகாமிலிருந்து பழைய லொறி டயர்களை வாங்கி, வெட்டி, தொட்டியின் கீழ் அடுக்கினோம். செம்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். நிமிர்ந்தபோது சத்தம் காதில் பட்டது. தரையால் வந்தது நின்றிருந்தது, காற்றால் வந்தது நிற்கவில்லை. அடுத்ததாக இடையில் ஒரு சுவர் எழுப்பினேன். தடித்த சத்தம் சுவருக்கு அடங்காது, மேலால் வளைந்து இறங்கும். அதைப் படித்துத்தான் நான் சோதனை எழுதினேன். சுவரைக் கட்டி முடித்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றபோதுதான் படித்தது ஞாபகம் வந்தது.

முகாம் அதிகாரியிடம் போய் ரியாக்டரை வாவியோரத்துக்கு நகர்த்தலாமா என்று கேட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். யுத்தம் முடிந்த பிறகு வந்து கேட்கச் சொன்னார்.

இனிச் செய்ய ஒன்றே இருந்தது. கொழும்புக்கு எழுதித் தக்கைப் பலகைகள் கேட்டிருந்தேன், தொட்டியைச் சுற்றி முழுதாக மூடுவதற்கு. அவை வருவதற்குள் ஏறாவூரிலிருந்து வண்டி வருகிறது என்ற செய்தி வந்துவிட்டது.

ரியாக்டரைப் பழுதுபார்க்கும் வேளையில் மின்சாரம் அதைத் தொடாமல் சுற்றிப் போவதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது. மூடுவது என்றால் மின்சாரத்தை அந்தச் சுற்றுவழியில் விடுவது; வேறெந்த வேளையிலும் அதைச் செய்யக் கூடாது. மூடினால் நிலையத்துக்குக் காவல் இல்லை. வண்டி வேலியருகே வந்து நின்ற பிற்பகல் நான் அதை மூடினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முனகல் சட்டென்று இல்லாமற் போனதும் வாவியில் அலை கரையில் படும் சத்தம் கேட்டது. அது இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன்.

பெண்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து, காற்று நல்ல காற்று என்று சொல்லிப் போனார்களாம். வண்டி போன பிறகு அவர் ஒரு கிண்ணத்தில் வட்டிலப்ப இனிப்புக் கொண்டு நிலையத்துக்கு வந்தார்.

"வண்டு செத்திட்டா தம்பி?"

"ஓம் காக்கா."

"இனி வராதுதானே?"

"வராது," என்றேன்.

இந்த இரண்டு பதில்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இவற்றுக்கு முன்னும் பின்னும் வந்தவை. அப்போது எனக்குள் இருந்த நியாயம் இதுதான்: தக்கைப் பலகை வரும், வந்தால் சத்தம் அடங்கும், அடங்கினால் நான் சொன்னது மெய்யாகிவிடும், அதுவரை சுவிட்ச் மூடியே இருக்கட்டும். அத்தோடு இன்னொன்றும் இருந்தது. அவருடைய முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அதைத் திரும்ப வாங்க எனக்குக் கை வரவில்லை.

என் மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். கெட்டித்தனத்தைச் சொல்வது போலத்தான் தொடங்கினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"அந்த மனுசனுக்குச் சொல்லிப்போட்டீங்களா?"

சொல்லவில்லை என்றேன்.

"கலியாணத்துக்கு முந்திச் சொன்னீங்கெண்டா அவர் வேற யோசிப்பார். பிந்திச் சொன்னா அழுகிறதத் தவிர அவருக்கு என்ன கிடக்கு? அந்தப் புள்ளயும் என்னப் போல ஒரு புள்ளதானே."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அவள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்து விட்டாளா, சொல்ல மாட்டேன் என்று தெரிந்து விட்டாளா, நான் விசாரிக்கவில்லை.

தக்கைப் பலகை வரவில்லை. யுத்தத் தேவைக்கு முதலிடம் என்று பதில் வந்தது. கல்யாணம் நடந்தது. என்னை அழைத்தார்கள், போனேன். அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தமது உறவினர்களோடு சோறு நிறைத்த ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார வைத்தார். இந்தத் தம்பிதான் வண்டைப் பிடித்துக் கொன்றவர் என்று அவர்களுக்கு அறிமுகம் செய்தார். ஒருவர், அப்படியானால் எங்கள் வீட்டுக் குளவிக்கும் வந்து ஒரு வழி செய்யுங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சோற்றை அள்ளிய கையோடு நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். மெலிந்த, வெட்கப்பட்ட இளைஞர். கைகளில் போறணை நெருப்புச் சுட்ட தழும்புகள். தம்முடைய பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

அந்த மாரியில் வாடைக் காற்று கடுமையாக இருந்தது. ஒரு பிற்பகலில் முகாமுக்குப் போகும் கம்பியில் தென்னை ஒன்று சாய்ந்தது. ரியாக்டர் இடையில் நின்றிருந்தால் விளக்குகள் மங்கி, காவல் விசை விழுந்து, அதோடு முடிந்திருக்கும். நின்றிருக்கவில்லை. நிலையம் முழுவதும் கருகிய வாசம் எழுந்தது. எஞ்சினோடு பூட்டிய மின்பிறப்பாக்கியின் சுருள் எரிந்துபோயிருந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் மாற்றுப் பொறி வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் லாம்பு வைத்துத்தான் வேலை பார்த்தார்கள்.

திருகோணமலையிலிருந்து மேலதிகாரி வந்தார். மூடியிருந்த சுவிட்சைப் பார்த்தார். பரிசோதனை ஒன்றின் பிறகு திறக்க மறந்துவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். நான் படித்தவன், இதுவரை குறை சொல்லப்படாதவன். நம்பினார். சுவிட்சைத் திறந்து, பெட்டியை மூடி, பூட்டுப் போட்டு, திறப்பைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாற்றுப் பொறி ஓடத் தொடங்கிய மாலையில் வண்டு திரும்பி வந்தது.

வீட்டுக்காரர் வந்தபோது நான் பூட்டுப் போட்ட பெட்டியின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். படுவான்கரையிலிருந்து தோணியால் இறங்கி நேராக வந்திருந்தார். பொட்டணி தோளில் இருந்தது.

"என்ன தம்பி இது?"

"திரும்பப் பழுதாப் போச்சு காக்கா."

"அப்ப திரும்பவும் திருத்தலாம்தானே?"

"இப்ப ஏலாது."

"முந்தி ஏலுமா இருந்துதே," என்றார்.

அவருடைய பார்வை பூட்டில் நின்றது. பிறகு என் பக்கம் வந்தது. பொட்டணியை இறக்கித் தரையில் வைத்தார். அப்போது அவர் சொன்னதில் கோபம் இருக்கவில்லை. கணக்குப் போடுகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"இது நிக்காது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, புள்ளட உம்மாட வீட்டுப் பக்கத்தில வளவு மாத்திக் கேட்டு வேற வீடு கட்டியிருப்பன். ஒரு வருசம் பிந்தியிருக்கும். பிந்தினா என்ன."

நான் குனிந்து அவருடைய பொட்டணியைத் தூக்கிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முகாமில் எல்லா விளக்கும் எரியும் அந்த நேரம்தான் அவர் உறங்க வேண்டிய நேரம். உறக்கம் இல்லாமல் போறணைக்குப் போய், ஒருநாள் கையை நன்றாகச் சுட்டுக்கொண்டார். நான் வேறெதுவும் செய்ய முடியாமல் அவர்களுடைய அறைக்குள் போய் நின்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருந்து சுவருக்கு நடந்தேன். சுவரோரம் சத்தம் பெரிதாக இருந்தது, அறையின் நடுவிலும் பெரிதாக இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் தலை வந்ததும் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. அலை இரு சுவருக்கும் இடையில் சிக்கி நிற்கும் அறைகளில் அப்படி அமைதிக் கோடு ஒன்று விழும். நான் சுண்ணக்கட்டி கேட்டு வாங்கித் தரையில் அந்தக் கோட்டைக் கீறினேன். தலைமாடு இந்தக் கோட்டுக்கு நேரே இருக்கட்டும் என்றேன்.

கட்டில் அறையின் நடுப்பக்கமாக, கோணலாக நகர்ந்தது. அன்று மாப்பிள்ளை உறங்கினார். அவர் பெண்ணின் தகப்பனிடம் சொல்ல, தகப்பன் ஆள் அனுப்பி என்னிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

ஆனால் முகாமில் விளக்குகள் கூடக்கூட எஞ்சின் சற்றுத் தளரும். எஞ்சின் தளர்ந்தால் சுருதி இறங்கும். சுருதி இறங்கினால் கோடு இடம் மாறும், ஒரு சாண் அளவுதான். தலையணையில் இருக்கும் காதுக்கு அந்த ஒரு சாண் போதும். மாப்பிள்ளை எழுந்து கட்டிலைத் தள்ளுவார். மீண்டும் படுப்பார். மீண்டும் தள்ளுவார். கட்டில் கால் தரையில் இழுபடும் சத்தம் அயலுக்குக் கேட்டது. புதுமாப்பிள்ளை வீட்டில் கட்டில் ஊர்வலம் போகிறது என்று கிணற்றடியில் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஏறாவூர் வரைக்கும் போனது. வீடு காட்டும் நாளில் மிஷினை நிறுத்தி வைத்து ஏமாற்றினார்கள் என்று அங்கே பேச்சு எழும்பியது. ஏமாற்றியவர் என்று அவர்கள் சொன்னது பெண்ணின் தகப்பனை.

மாப்பிள்ளை முதலில் சில நாட்கள் போறணையிலேயே படுத்தார். பிறகு தாயின் வீட்டில் படுத்தார். வெள்ளிக்கிழமைகளில் வந்து போனார். எங்கள் ஊர்களில் கல்யாணம் செய்த ஆண் தாயின் வீட்டுக்குத் தலையணையைக் கொண்டுபோனால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. பெட்டியை எடுத்துப் போக ஒரு வண்டிக்காரர் வந்தார்.

அதன் பிறகு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பன் அக்கரைக்குப் போயிருந்தார். வாசல் திரைக்கு அப்பால் மகள் வந்து நிற்பது கால் சத்தத்தில் தெரிந்தது. நான் என்ன சொல்லப் போனேனோ அதைச் சொல்லவில்லை. கோடு இப்போது எங்கே விழுகிறது என்று பார்த்துக் கீறித் தருகிறேன் என்றேன்.

"வேணாம்," என்றாள் அந்தப் பெண். "எனக்கு இந்தச் சத்தம் ஒண்டும் செய்யுறல்ல. அவருக்குத்தான்."

பிறகு, "சாயா குடிச்சிட்டுப் போங்க," என்றாள். நான் நிற்கவில்லை.

என்னை அவர்கள் திட்டவில்லை, வேலியோரம் வந்து சண்டை பிடிக்கவில்லை. ஏறாவூருக்குப் போய், சுவிட்சை மூடியவன் நான், அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருகோணமலை வரை அது போகும், வேலை போகும், மனைவி வீட்டில் வேலையில்லாத மாப்பிள்ளையாக நான் இருக்க வேண்டும். இதை எழுதும்போது இப்படி ஒரு வரியில் முடிகிறது. அப்போது இதைத் தினமும் யோசித்தேன். தினமும் மின் நிலையத்துக்கு வந்தேன், வண்டு முனகிக்கொண்டிருக்கும், எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பேன், போல்டுகளைத் தொட்டுப் பார்ப்பேன். இறுக்க இனி எதுவும் இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. முகாமை அவிழ்த்தார்கள். ரியாக்டரைக் கழற்ற என்னையே நிறுத்தினார்கள். எண்ணெயை வடித்து, தொட்டியைக் கப்பி கட்டித் தூக்கி லொறியில் ஏற்றினோம். அது நின்ற இடத்தில் டயர்த் துண்டுகள் மட்டும் மண்ணில் பதிந்து கிடந்தன.

அன்று மாலை வீட்டுக்காரர் வேலியோரம் வந்தார். முதுகு வளைந்திருந்தது. அதற்குள் மாப்பிள்ளை வாழைச்சேனைப் பக்கம் வேறு கல்யாணம் செய்திருந்தார். மகள் தாயோடு பழைய வீட்டில் இருந்தாள். புது வீட்டில் அவர் புடவைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். திறந்திருந்த யன்னலால் எனக்கு அந்த அறை தெரிந்தது. கட்டில் அறையின் நடுவே கோணலாகவே நின்றது. அதன் மேலும் புடவைக் கட்டுகள்.

லொறி போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றில் வாவியின் சத்தம் வந்தது.

"நிண்டுட்டு," என்றார்.

"ஓம் காக்கா."

"இது மெய்யான நிப்பா தம்பி, இல்லாட்டி வீடு பார்க்க வந்த அண்டைக்கு நிண்டது போலயா?"

அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பூட்டைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கலாம். தெரிந்துகொண்டும் ஏறாவூரார் தம்மை ஏமாற்றுக்காரர் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். என் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியும் பயனில்லை என்று விட்டிருப்பார்.

"மெய்தான்," என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எனக்கு அது தெரிந்தது. நான் திரும்பி, அந்த டயர்த் துண்டுகளைக் காட்டி, அவருக்கு ஏதாவது தேவைக்கு வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் அவற்றைப் பார்த்தார். யோசித்தார். கிணற்றுச் சுவரில் வாளி இடிபடுகிறது, அதற்கு ஒரு துண்டு போதும் என்றார். நான் ஒன்றைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி, வேலிக்கு மேலால் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.